செங்கண்ணும் நச்சுயிரியும்

கண் சிவந்து நீர் வடிந்தால் நம் மக்கள் முதலில் தேடுவது சொட்டு மருந்தைத்தான். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நம் புக்கிட் மெர்தாஜாம் பட்டணத்துக் கிளினிக்குகளிலும் மருந்தகங்களிலும், ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கும் பிள்ளையையும் அதன் தாயையும் காண்பது அரிதன்று. கண்ணில் வந்த நோய் கண்ணோடு முடிந்துபோகும் என்ற நம்பிக்கை நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. பல வேளைகளில் அது பொய்ப்பதும் இல்லை. ஒரு வாரத்தில், பத்து நாளில் சிவப்பு தானே வடிந்துவிடும். சில வேளைகளிலோ, உடலுக்குள் புகுந்துவிட்ட ஒரு நச்சுயிரியை மற்றெல்லா உறுப்புகளுக்கும் முன்னதாகக் கண்ணே அறிவித்துவிடுகிறது. அந்த அறிவிப்பைக் கவனியாமல் கண்ணுக்கு மட்டும் மருந்திட்டுக்கொண்டிருப்பது, நோய் முற்றவும் அடுத்தவருக்குப் பரவவும் நாமே வழிவிடுவதாகும்.

இமைகளின் உட்புறத்தையும் வெண்விழியின் மேற்பரப்பையும் ஒரே விரிப்பாகப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுக்கு இமையிணைப்படலம் என்று பெயர். கண்ணாடி போல் தெளிந்திருப்பதால் அது இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. அதற்குள் ஓடும் நுண்குருதிக் குழாய்கள் இயல்பான நிலையில் சுருங்கியிருக்கும். நச்சுயிரி அப்படலத்தின் அணுக்களுக்குள் நுழைந்து பெருகத் தொடங்கியதும், உடலின் காவல் அணுக்கள் அவ்விடத்தில் வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. குழாய்கள் விரிகின்றன; குருதிநீர் கசிகிறது; படலம் தடித்து, வெண்மை மறைந்து செந்நிறம் ஏறுகிறது. நாம் காணும் சிவப்பு நச்சுயிரியின் நிறமன்று, உடல் நடத்தும் எதிர்ப்பின் நிறம். படைக்கலம் ஒன்றே ஆனாலும் பகைவர் பலர். ஆகவே சிவப்பை மட்டும் வைத்துப் பகைவன் யாரென்று சொல்லிவிட முடியாது.

கண்ணின் உள்மூலையில், மூக்கை ஒட்டியுள்ள இமை விளிம்பை உற்றுப் பார்த்தால் ஊசிமுனை அளவில் ஒரு துளை தெரியும். கண்ணீர் அதன் வழியே வடிந்து மூக்குக்கும் தொண்டைக்கும் செல்கிறது. அழும்போது மூக்கும் ஒழுகுவது இதனால்தான். சளி, இருமல், காய்ச்சல் தரும் நச்சுயிரிகளுக்குக் கண்ணும் தொண்டையும் ஒரே தெருவின் இரு முனைகள். மூக்கைத் துடைத்த விரல் கண்ணைத் தொட்டாலும் போதும். பக்கத்தில் ஒருவர் இருமித் தெறித்த துளி கண்ணில் விழுந்தாலும் போதும்.

மருத்துவர்கள் மிக அடிக்கடி எதிர்ப்படுவது அடினோ நச்சுயிரியை. அதன் குறிகளை வீட்டிலேயே ஓரளவு காணலாம். கைகளைச் சோப்பிட்டுக் கழுவிக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் பிள்ளையின் கீழிமையை மெல்லக் கீழே இழுத்துப் பாருங்கள். செக்கச்சிவந்த உட்பரப்பில், ஊறிய சவ்வரிசி போல, ஒளி ஊடுருவும் சிறு முண்டுகள் வரிசையாகத் தெரிந்தால் அவை நிணநீர்த் திசுவின் வீக்கங்கள். பெரும்பாலும் நச்சுயிரித் தொற்றைச் சுட்டுபவை. பிறகு காதின் முன்மடலுக்கு முன்னால் விரல் வைத்து அழுத்துங்கள். அவ்விடத்தில் ஒரு பயறளவு கட்டி தட்டுப்பட்டுப் பிள்ளை வலியென்று முகம் சுளித்தால் ஐயம் இன்னும் வலுப்பெறும். வடிவது தண்ணீர்போல் தெளிந்திருப்பதும், முதலில் ஒரு கண் சிவந்து சில நாளில் மறுகண் சிவப்பதும் இந்நோயின் இயல்பு. பாக்டீரியாவால் வரும் கண்ணோயில் மஞ்சளும் பச்சையுமான சீழ் தொடர்ந்து வடிந்து இமைகளை ஒட்டவைக்கும். இருப்பினும் இவ்வேறுபாடு கல்லில் பொறித்த விதியன்று. உறுதி சொல்ல வேண்டியவர் மருத்துவர்தாம்.

அடினோ நச்சுயிரியில் பல வகைகள் உண்டு. 3, 4, 7 ஆகிய வகைகள் தொண்டைவலி, காய்ச்சல், செங்கண் மூன்றையும் ஒருசேரத் தருவன. குளோரின் போதாத நீச்சல் குளங்களில் பிள்ளைகளிடையே பரவுவன. 8, 37 முதலியவை கருவிழியையும் தாக்குவன. நோய் தொற்றி ஐந்து முதல் பன்னிரண்டு நாள் வரை எக்குறியும் தோன்றாது. தோன்றியபின் ஏறத்தாழ இரண்டு வாரம் மற்றவருக்குப் பரவும். சிவப்பு தணிந்து நோயாளி நிம்மதியடையும் வேளையில் கருவிழியில் புள்ளி புள்ளியாக வெண்மை படியும், விளக்கொளி சிதறும், படிக்கும் எழுத்து மங்கும். சிலருக்கு அது மாதக்கணக்கில் நீடிக்கும்.

இந்தப் புள்ளிகளின் வரலாற்றில் தமிழ் மண்ணுக்கு ஓர் இடம் உண்டு. 1819இல் தோன்றிய சென்னைக் கண் மருத்துவமனை, இலண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனைக்கு அடுத்து உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. எழும்பூரில் உள்ள அம்மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த கிர்க்பேட்ரிக், கருவிழியில் புள்ளிகளை விட்டுச் சென்ற ஒரு கொள்ளைநோயைப் பற்றி 1920இல் பிரித்தானியக் கண் மருத்துவ இதழில் எழுதினார். 'மெட்ராஸ் ஐ' என்று தமிழகத்தார் இன்றும் வழங்கும் பெயரை அக்காலத்தோடு இணைத்துப் பேசுவது வழக்கம். 1918இல் சென்னையில் அந்நச்சுயிரியே கண்டுபிடிக்கப்பட்டதென்று சிலர் எழுதிவருகின்றனர், அது சரியன்று. மருத்துவர்கள் அன்று கண்டது நோயின் கோலத்தை. அடினோ நச்சுயிரி மனித உடலிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது 1953இல்தான். கருவிழிப் புள்ளிகளுக்குக் காரணமான எட்டாம் வகையை அமெரிக்காவில் எர்னஸ்ட் ஜாவெட்ஸ் குழுவினர் 1955இல் அறிவித்தனர். அன்றைய நுண்ணோக்கிக்கும் அகப்படாத ஒரு பகைவனின் அடிச்சுவட்டை, அவனைக் காட்டும் கருவியேதும் இல்லாத காலத்தில் இத்தனைத் துல்லியமாக வரைந்து வைத்த சென்னை மருத்துவர்களின் கூர்நோக்கே பெருமைக்குரியது. இல்லாத கண்டுபிடிப்பை அவர்கள் தலையில் ஏற்ற வேண்டியதில்லை.

அந்நோய் சென்னையை விட்டு நீங்கவுமில்லை. 2022ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், தமிழகத்தில் நாளொன்றுக்கு நாலாயிரம் பேருக்கு மேல் கண்ணோயால் பாதிக்கப்படுவதாக அம்மாநில மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அறிவித்தார்.

இரண்டாம் உலகப்போரின்போது ஹவாய்த் தீவுகளிலும், தொடர்ந்து அமெரிக்க மேற்குக்கரையிலும் கப்பல் கட்டும் தளங்களில் இதே நோய் பரவியது. இரும்புத்துகள் கண்ணில் விழுந்த தொழிலாளர்கள் தளத்து மருந்தகத்துக்குச் சென்றனர். துகளை எடுத்த கருவிகளும் கைகளும் ஒருவர் கண்ணிலிருந்து மற்றவர் கண்ணுக்கு நச்சுயிரியைக் கொண்டு சேர்த்தன. நலம் தேடிப் போன இடமே நோய் தந்த இடமாயிற்று. நம் பினாங்கின் பிறை தொழிற்பேட்டைகளில் உழைப்போரும், ஒரே அறையில் பலராய்த் தங்கும் அயல்நாட்டுத் தொழிலாளர்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு துண்டு, ஒரு தலையணை, ஒரு பாதுகாப்புக் கண்ணாடி பலரிடம் கைமாறினால் நச்சுயிரிக்கு வேறு ஊர்தி தேவையில்லை. உலர்ந்த பரப்பிலும் அது வாரக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும்.

இன்னொரு வகைக் கண்ணோய் இதனினும் விரைவானது. தொற்றிய ஒன்றிரண்டு நாளிலேயே கண் வீங்கும். வெண்விழியில் குருதி கசிந்து திட்டுத் திட்டாகப் படியும். 1969இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டுத் தலைநகர் அக்ராவில் அது வெடித்தது. மனிதன் நிலவில் கால்வைத்த வேளை அதுவாதலால் மக்கள் அதற்கு அப்போலோ நோய் என்று பெயரிட்டனர். என்டெரோ நச்சுயிரி 70 அதன் காரணி. மறு ஆண்டே, 1970இல், நம் அண்டை நாடான சிங்கப்பூரிலும் கண்ணோய் பரவியது. அங்கே நோயாளிகளின் கண்ணிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது வேறொன்று: காக்சாக்கி ஏ24 என்பதன் திரிபு. உலகம் அதை முதலில் அறிந்தது அங்கேதான். அத்திரிபு 2002இல் நம் நாட்டில் மலாக்கா மாநிலத்தில் பெருந்திரளானோரைத் தாக்கியது. வங்கதேசப் போர் நடந்த 1971இல் ஏதிலியர் முகாம்களிலும் கொல்கத்தா வீதிகளிலும் இத்தகைய கண்ணோய் பரவியபோது, வங்காளிகள் அதற்குத் தங்கள் விடுதலை முழக்கமான 'ஜோய் பங்ளா' என்பதையே பெயராக்கினர்.

அதே ஆண்டு மும்பையில் நிகழ்ந்ததுதான் இக்கட்டுரையின் உயிர்நாடி. கண்ணோய் கண்டு தேறியவர்களில் மிகச் சிலர், சில நாள்களோ வாரங்களோ கழித்து, முதுகும் காலும் கடுமையாக வலிக்கின்றன என்று மருத்துவமனைக்கு வந்தனர். அடுத்துக் கால்கள் துவண்டன. இளம்பிள்ளை வாதம் போலவே இருந்தது; வந்தவர்களோ வளர்ந்தவர்கள். நரம்பியல் அறிஞர் நோஷிர் வாடியாவும் அவர்தம் குழுவினரும் அந்நோயாளிகளின் முன்வரலாற்றை விடாமல் கேட்டு, செங்கண்ணுக்கும் துவண்ட காலுக்கும் உள்ள தொடர்பைக் கண்டனர்; 1972இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். என்டெரோ நச்சுயிரி 70, இளம்பிள்ளை வாத நச்சுயிரியின் இனத்தது. கண்ணில் தொடங்கி முதுகுத்தண்டின் நரம்புகள் வரை அது செல்ல வல்லது. இது மிக மிக அரிதாகவே நேர்வது. அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆனால் கண்ணோய் கண்ணோடு முடியும் என்ற நம்பிக்கைக்கு இதனினும் வலிய மறுப்பு வேறில்லை. கால் துவண்ட நோயாளியிடம் கண்ணைப் பற்றிக் கேட்கத் தோன்றிய மருத்துவரின் அறிவு, கண் சிவந்த பிள்ளையிடம் உடலைப் பற்றிக் கேட்கும் அறிவாக நம் வீடுகளிலும் விளைய வேண்டும்.

அப்படிக் கேட்க வேண்டிய நோய்களில் தலையாயது தட்டம்மை. மணல்வாரி என்றும் நம் மூத்தோர் சொல்வர். காய்ச்சல், இருமல், மூக்கொழுக்கு, செங்கண் ஆகியவை முதலில் வரும். மூன்று நான்கு நாள் கழித்தே முகத்தில் தொடங்கி மேனியெங்கும் தடிப்பு இறங்கும். தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே பிள்ளை பிறருக்கு நோயைப் பரப்புகிறது. செங்கண்ணோடு, வெளிச்சத்தைக் காணக் கூசிக்கொண்டு, 'வெறும் சளிதான்' என்று பள்ளிக்கும் பாலர்பள்ளிக்கும் அனுப்பப்படும் அந்த நாள்கள்தாம் மிகக் கொடியவை. நோயாளி சென்றபின்னும் அறைக்காற்றில் இரண்டு மணி நேரம் வரை தங்கி நிற்கும் நச்சுயிரி அது. ஊட்டம் குறைந்த குழந்தைகளிடம், குறிப்பாக உயிர்ச்சத்து ஏ போதாதவரிடம், கருவிழியையே கரைத்துப் பார்வையைப் பறித்துவிடும். அதனால்தான் தட்டம்மை கண்ட பிள்ளைகளுக்கு அடுத்தடுத்த இரு நாள்கள் உயிர்ச்சத்து ஏ கொடுக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. நம் நாட்டில் ஒன்பதாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் அரசு இலவசமாகப் போடும் தடுப்பூசி இதைத் தடுக்கிறது. அதைத் தவறவிடும் பெற்றோரை என்னால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை.

கொசுவால் வரும் காய்ச்சல்களிலும் கண் பேசும். டிங்கி கண்டவரின் முகம் சிவக்கும். விழிகள் சிவந்து, கண்ணுக்குப் பின்னால் குத்தலெடுக்கும். இங்கே சீழும் இல்லை, நீர்வடிதலும் பெரிதாக இல்லை. பினாங்குக்கும் டிங்கிக்கும் நூறாண்டைத் தாண்டிய உறவுண்டு. 1902இல் பினாங்கில் கண்ட டிங்கியைப் பற்றி ஸ்கே என்ற மருத்துவர் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். மலாயா நாட்டில் இந்நோய் பற்றிய முதல் அறிக்கை அதுவே. குருதிப்போக்குடன் கூடிய கொடிய டிங்கி நம் நாட்டில் முதலில் பதிவானதும் பினாங்கில்தான், 1962இல். ஆதலின் காய்ச்சலும் செங்கண்ணும் ஒன்றாக வந்தால், இம்மாநிலத்தில் வாழ்பவர் குருதிச் சோதனைக்குத் தயங்கலாகாது. ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் போன்ற வலிமருந்துகளைத் தாமே விழுங்குதலும் கூடாது. டிங்கியில் அவை குருதிப்போக்கைத் தூண்டும்.

டிங்கியின் தம்பி என்று சொல்லத்தக்க சிக்காவில் செங்கண் இன்னும் தெளிவான குறி. மெல்லிய காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி, செங்கண் என்பதே அதன் இலக்கணம். அந்நச்சுயிரி ஆப்பிரிக்காவுக்கு வெளியே முதன்முதலில் பிடிபட்டது பகாங் மாநிலத்துப் பெந்தோங்கில், 1966இல் பிடித்த ஏடிஸ் கொசுக்களில். கருவுற்ற பெண்ணுக்குத் தொற்றினால் குழந்தையின் மூளை வளர்ச்சியை அது சிதைக்கும் என்பதை 2015இல் பிரேசில் நாடு உலகுக்குக் கண்ணீரோடு உணர்த்தியது. கருவுற்ற பெண்ணின் செங்கண்ணை எவரும் எளிதாக எண்ணலாகாது.

கொரோனாப் பெருந்தொற்றும் கண்ணைத் தொடாமல் விடவில்லை. ஊகானில் அதன் வரவை முன்னதாக எச்சரித்து, 2020 பிப்ரவரியில் அந்நோய்க்கே பலியான லீ வென்லியாங் ஒரு கண் மருத்துவர் என்பதை நாம் மறத்தலாகாது. 2023 ஏப்ரலில் எக்ஸ்பிபி.1.16 என்ற திரிபு பரவியபோது, உத்தரப் பிரதேச மாநிலம் பிஜ்னோரில் குழந்தை மருத்துவர் விபின் வசிஷ்டா, காய்ச்சலும் இருமலும் கண்ட பிள்ளைகளிடம் அரிப்பும் பீளையும் உடைய செங்கண்ணைக் காண்பதாகக் கூறினார். அம்மாதம் 17ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் அத்திரிபைக் கவனத்துக்குரிய திரிபென அறிவித்தது. அதனால், சளியோடு செங்கண் வந்தால் மருந்தகத்தில் கிடைக்கும் சோதனைக் கருவியால் பார்த்துக்கொள்வது அறிவுடைமை. வீட்டில் முதியவர் இருந்தால் அது கடமை.

பறவைக் காய்ச்சல் நச்சுயிரிகளுக்குக் கண்மேல் தனி நாட்டம் உண்டு. பறவைகளின் குடலிலும் மூச்சுப்பாதையிலும் அவை பற்றிக்கொள்ளும் சர்க்கரை மூலக்கூறு, மனிதத் தொண்டையில் அரிது. கண்ணின் படலத்தில் மிகுதி. 2003இல் நெதர்லாந்துக் கோழிப்பண்ணைகளில் எச்7என்7 பரவியபோது தொற்றிய 89 பேரில் 78 பேருக்குக் கண்ணோய் மட்டுமே வந்தது. கால்நடை மருத்துவர் ஒருவர் நுரையீரல் பழுதுற்று இறந்தார். 2024இல் அமெரிக்க டெக்சாஸ் மாநிலத்துப் பால்பண்ணைத் தொழிலாளி ஒருவருக்கு எச்5என்1 தொற்றியதற்கு இருந்த ஒரே குறி செங்கண். நம் செபராங் பிறையிலும் கோழிப்பண்ணைகள் உள்ளன. 2006இல் எச்5என்1 பினாங்கு மாநிலக் கோழிகளிலும் கண்டறியப்பட்டது. பண்ணையில் வேலை செய்பவர் கண் சிவந்து மருத்துவரிடம் சென்றால், தம் தொழிலைத் தாமாகவே சொல்லிவிட வேண்டும். கேட்கட்டும் என்று இருக்கலாகாது.

எல்லாச் சிவப்பும் நச்சுயிரியால் வருவதன்று. 2019 செப்டம்பரில் சுமத்ராக் காட்டுத்தீயின் புகைமூட்டம் நம் வானை மூடியபோது ஊரே கண்ணெரிச்சலால் தவித்தது. புகையால் வரும் சிவப்பில் இரு கண்ணும் ஒருசேர எரியும்; காய்ச்சலோ காதருகே கட்டியோ இராது; காற்று தெளிந்தால் கண்ணும் தெளியும். எலிச்சிறுநீர் கலந்த ஆற்றுநீராலும் வெள்ளநீராலும் வரும் எலிக்காய்ச்சலிலும் பீளையில்லாச் செங்கண் தோன்றும். கெண்டைக்கால் தசை தொடமுடியாதபடி வலிக்கும். அது பாக்டீரியாவின் வேலை. உரிய நேரத்தில் மருந்திட்டால் தீரும், காலம் தாழ்த்தினால் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்து உயிரையும் குடிக்கும். காட்டாற்றில் குளித்து வந்த ஓரிரு வாரத்தில் இக்குறிகள் கண்டால் குளித்த இடத்தையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

செய்யக்கூடாதவற்றில் முதலாவது, ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை மருத்துவர் பாராமல் ஊற்றுவது. ஊற்றிய சில மணியில் சிவப்பு வெளுக்கும். அந்த வெண்மையே வஞ்சகம். கண்ணைத் தாக்கியிருப்பது அக்கி இனத்து ஹெர்பெஸ் நச்சுயிரியாக இருந்தால், அம்மருந்து அதற்கு வாயில் திறந்துவிடும். கருவிழியில் மரக்கிளைபோல் புண் படர்ந்து பார்வை குன்றும். பாக்டீரியாவைக் கொல்லும் சொட்டு மருந்து நச்சுயிரியை ஒன்றும் செய்யாது. தாய்ப்பாலும் நந்தியாவட்டைப் பூவும் இட்டு ஆற்ற முனைவோரின் அன்பை மதிக்கிறேன்; சீழ் கொண்ட கண்ணில் தூய்மையற்ற எதுவும் விழுதல் கேடு என்பதையும் சொல்லாமலிருக்க முடியாது. நோயாளியின் கண்ணைப் பார்த்தாலே தொற்றும் என்பதில் உண்மையில்லை. கறுப்புக் கண்ணாடி வெளிச்சக் கூச்சத்தைத் தணிக்கும், அவ்வளவே.

தொற்றுவது கையால்தான். இங்கே கொரோனாக் காலம் நமக்குக் கற்றுத்தந்த பாடம் ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். கொரோனா நச்சுயிரிக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. கைகளில் தேய்க்கும் சாராயக் களிம்பு அவ்வுறையைக் கரைத்து அதை அழித்துவிடும். அடினோவுக்கும் என்டெரோ இனத்துக்கும் அவ்வுறை இல்லை. களிம்பு அவற்றிடம் அவ்வளவாகச் செல்லாது. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு விரலிடுக்கு வரை தேய்த்துக் கழுவுவதே வழி. கதவுப்பிடி, கைப்பேசி முதலியவற்றை நீர் கலந்த குளோராக்ஸ் வெளுப்புநீரால் துடைக்கலாம். துண்டு, தலையணை உறை, கண்மை எதையும் நோய் தீரும் வரை பகிரலாகாது. குளிர்ந்த நீரில் நனைத்த தூய துணியை இமைமேல் வைப்பது இதம் தரும். சூலை மாதத்தில் புனித அன்னாள் ஆலயத் திருவிழாவுக்குப் பல்லாயிரவர் கூடும் ஊர் புக்கிட் மெர்தாஜாம். கண் சிவந்தவர் அந்தக் கூட்டத்துக்குள் செல்லாமல் வீட்டிலிருந்து வேண்டிக்கொள்வதும் இறைப்பணியே. மருத்துவர் எம்.சி. என்னும் மருத்துவ விடுப்புச் சான்று தந்தால் அதை முழுமையாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்நாள்களில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள்.

கண்ணுக்குள் கடும் வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பட்டால் தாங்காத கூச்சம், கருவிழியைச் சுற்றி வளையமாய்ச் சிவப்பு, கருவிழியில் வெண்புள்ளி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், ஒட்டுவில்லை அணிபவருக்குக் கண் சிவந்தாலும், பிறந்து ஒரு மாதம் நிறையாத குழந்தையின் கண்ணில் பீளை வடிந்தாலும், செங்கண்ணோடு கடுங்காய்ச்சலோ தடிப்போ மூச்சுத்திணறலோ கால் தளர்வோ சேர்ந்தாலும், புக்கிட் மெர்தாஜாம் மருத்துவமனைக்கோ செபராங் ஜெயா மருத்துவமனைக்கோ அன்றைக்கே செல்லுங்கள். கண் எப்போது சிவந்தது, காய்ச்சல் எப்போது வந்தது, வீட்டில் வேறு யாருக்கு உண்டு, தடுப்பூசி போட்டாயிற்றா என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச்சென்று மருத்துவரிடம் கொடுங்கள்.